கணினிக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

ஹைதராபாத்தில் வாழும் தமிழர்கள் இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில், தொழில் சம்பந்தமான ஒரு விஷயத்தைத் தமிழிலேயே பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு வந்திருக்கிறேன். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: நம் அலுவலகக் கணினிகளில் என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன? அவை ஒவ்வொன்றுக்கும் முறையான உரிமம் நம் கையில் இருக்கிறதா?

லைசென்ஸ் ஆடிட் என்றாலே பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து கணினி வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது உரியதில்லையா? ஐந்து கணினியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்துக்கு உரியதில்லையா? தமிழ்ப் பத்திரிகைக்கு டிடிபி செய்து கொடுப்பவருக்கு உரியதில்லையா? எல்லோருக்கும் உரியதுதான். பெரிய கம்பெனியிலாவது இதைப் பார்க்கத் தனி ஆள் இருப்பார். சின்ன அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 நவம்பர் 22-ஆம் தேதி பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் தன் இந்திய மேம்பாட்டு மையத்தை இங்கே தொடங்கியது. அன்றிலிருந்து மென்பொருள் செய்து விற்பதில் இந்த நகரத்துக்கு உலகப் பெயர். ஆனால் மென்பொருளின் சட்ட வரலாற்றிலும் இந்த மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. அது பலருக்குத் தெரியாது. அதை இன்று சொல்லியே ஆக வேண்டும்.

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஒன்றுபட்ட ஆந்திர அரசுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. டிசிஎஸ் அப்போது ஆரக்கிள், லோட்டஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களை வாடிக்கையாளர்களுக்கு விற்றது. ஆந்திர விற்பனை வரித் துறை, 1957-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி வரி கட்டு என்றது. டிசிஎஸ் மறுத்தது. மென்பொருள் அறிவின் படைப்பு, கையால் தொட முடியாதது, அது எப்படிச் சரக்காகும் என்பது அவர்கள் வாதம். மூசி நதிக்கரையில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் அந்த வாதம் தோற்றது. வழக்கு டில்லிக்குப் போனது. 2004 நவம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அறிவின் படைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு வட்டில் பதிந்து, வாங்கவும் விற்கவும் கைமாற்றவும் கொண்டுபோகவும் கூடியதாக ஆனபின் அதுவும் சரக்கே. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அன்பர்களே, மென்பொருள் சரக்கு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரக்கு என்றால் அதற்கு இருப்புப் பதிவேடு வேண்டாமா? மார்ச் 31 வந்தால் கிடங்கில் உள்ள மூட்டையை எண்ணுகிறோம். மேசையை எண்ணுகிறோம், நாற்காலியை எண்ணுகிறோம், ஏசி இயந்திரத்தின் சீரியல் நம்பரைக் கூடக் குறித்துக்கொள்கிறோம். மேசை மேல் இருக்கும் கணினிக்குள் கிடக்கும் சரக்கை எந்த ஆண்டாவது எண்ணினோமா? அதில் சில சரக்கின் விலை அந்தக் கணினியின் விலையைப் போலப் பல மடங்கு. கட்டட வரைபடம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்தச் சரக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த எஞ்சினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற நிறுவனத்தின் வருமான வரி வழக்கில், 2021 மார்ச் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, அதுவும் வரம்புக்கு உட்பட்டது. பதிப்புரிமை உரியவரிடமே இருக்கிறது. ஆகவே நாம் இரண்டை எண்ண வேண்டியிருக்கிறது. கணினியில் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்பது ஒன்று. எத்தனைக்கு, யாருக்கு, எந்த நிபந்தனையில் உரிமை வாங்கியிருக்கிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் பொருந்தினால் அலுவலகம் சுத்தம். பொருந்தாவிட்டால், எங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் தணிக்கை.

“பில் இருக்கிறது ஐயா, ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று சொல்வார்கள். காகிதம் போதுமா? காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் நினைவிருக்கிறதல்லவா? ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் இருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஆண்டாண்டாகத் தணிக்கை நடந்த நிறுவனம் அது. காகிதம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் பணம் வங்கியில் இருக்கிறதா என்று வங்கியிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் வேலை நடக்கவில்லை. 2015 ஏப்ரலில் இதே நகரத்தின் தனி நீதிமன்றம் ராஜுவுக்கும் அவரோடு சேர்ந்தவர்களுக்கும் சிறைத் தண்டனை விதித்தது. அந்த நிறுவனத்தில் உழைத்த பல்லாயிரம் பேர், நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு, எத்தனை நாள் தூக்கம் இல்லாமல் தவித்தார்கள்! ஆகவே சொல்கிறேன்: காகிதத்தைப் பாருங்கள், ஆனால் கணினியையும் திறந்து பாருங்கள்.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்? ஓர் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இமாயத்நகர் பக்கம், வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம். உரிமையாளர் நேர்மையானவர், யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவர். கணினிகளை ஒரே கடையில் வாங்கியிருந்தார். பில்லில் ஒரே வரி: “கம்ப்யூட்டர், விண்டோஸ் மற்றும் ஆபீஸ் உட்பட.” என்ன பதிப்பு என்று இல்லை. எந்த வகை உரிமம் என்று இல்லை. எத்தனை என்றும் தனியாக இல்லை.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, உரிம நிலையைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையைக் கொடுத்தோம். ஒரு சின்னப் பெட்டி வந்தது. கடையில் கணினியோடு சேர்த்து வாங்கிய விண்டோஸ் என்றால் அதில் ஓஇஎம் என்று இருக்க வேண்டும். தனியாக வாங்கியது என்றால் ரீடெயில் என்று இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ “வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்.” காலாவதிக்கு 180 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரை வைத்து மொத்தமாக ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறை. குறைந்தது 25 கணினிகள் இருந்தால்தான் அந்த சர்வர் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும். இந்த அலுவலகத்தில் மொத்தமே 20 கணினி கிடையாது. சர்வர் என்று காட்டிய முகவரிக்கும் அலுவலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்து ஆன்டிவைரஸைத் திறந்தோம். ஒரு ஃபோல்டரை மட்டும் சோதிக்காதே என்று அதில் விலக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டரில்தான் கிராக் நிரல் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கணினியில் என்ன இருந்தது? நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பான் எண், வங்கிக் கணக்கு, சொத்து விவரம், டிஜிட்டல் கையெழுத்து. யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு நிரல், காவலுக்கு இருந்த ஆன்டிவைரஸைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்த விவரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. உரிமையாளர் முழுப் பணமும் கொடுத்தவர். கொடுத்த பணத்துக்கு அவருக்குக் கிடைத்தது திருட்டுச் சரக்கு. ஏமாற்றியவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏமாந்தவர் ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாரே என்ற ஆதங்கமும் வந்தது.

செகந்திராபாத் சிடிசி கணினிச் சந்தையில் வாங்குங்கள், ஆன்லைனில் வாங்குங்கள், எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் பில்லில் மென்பொருளின் முழுப் பெயர், பதிப்பு, உரிமத்தின் வகை, எண்ணிக்கை, உங்கள் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண் இத்தனையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அந்தக் கணினியோடு முடிவது. பழைய கணினியைக் கழித்துவிட்டு அதை இன்னொன்றில் போட முடியாது. டேலியில் சில்வர் என்பது ஒருவருக்கு, கோல்டு என்பது லேனில் பலருக்கு. வாங்கியது எது, ஓடுவது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கணினித் துறையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கண்ட்ரோல் பேனலில் தெரியும் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ஊழியர் தன் கணக்கில் மட்டும் போட்டுக்கொண்டது எல்லோருக்கும் தெரியாது. இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் நிரல் எந்தப் பட்டியலிலும் வராது. டி டிரைவில் “சாஃப்ட்வேர்” என்று பெயர் வைத்த ஃபோல்டர் இல்லாத அலுவலகம் அபூர்வம். அதைத் திறந்து பாருங்கள். வீட்டில் இருந்து வேலை செய்கிறவரின் லேப்டாப்பையும் விட்டுவிடாதீர்கள். கணினி நிறைய இருந்தால் ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நம் சென்னை ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கணினிக்கு ஓர் எக்செல் தாளும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

திருட்டு மென்பொருள் மட்டும்தானா சிக்கல்? இல்லை, நண்பர்களே. நேர்மையான அலுவலகத்தை அதிகம் சறுக்க வைப்பது “இலவசம்” என்ற சொல்தான். வீட்டுக்கு இலவசம், அலுவலகத்துக்கு இலவசமா? தனி ஆளுக்கு இலவசம், கம்பெனிக்கு இலவசமா? நேற்று இலவசம், இன்றும் இலவசமா? வின்ரேர் 40 நாள் சோதனைக்குத் தரப்படுவது. பத்து ஆண்டாக அதே சோதனையில் ஓட்டுகிறோம். டீம்வியூவர் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம்.

ஜாவாவைப் பாருங்கள். டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கும் நிரலுக்கு ஜாவா வேண்டும். அதனால் ஆடிட்டர் அலுவலகம் தோறும் ஜாவா இருக்கிறது. ஆரக்கிள் தன் ஜாவாவுக்கான உரிமத்தை 2019 ஏப்ரல் 16-ஆம் தேதி மாற்றியது. அதற்குப் பின் வந்த அப்டேட்டுகளை வணிக நிறுவனம் சும்மா பயன்படுத்த முடியாது என்ற நிலை வந்தது. 2023 ஜனவரியில் சந்தாக் கணக்கையும் மாற்றினார்கள். எத்தனை கணினியில் ஜாவா இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, நிறுவனத்தில் மொத்தம் எத்தனை ஊழியர் என்று கேட்கிறார்கள். பகுதி நேர ஊழியரும் தற்காலிக ஊழியரும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. பதிப்புக்குப் பதிப்பு நிபந்தனை வேறுபடுகிறது. ஒரு குமாஸ்தா “அப்டேட்” என்று வந்த பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். நிறுவனத்தின் கடமையே மாறிவிட்டது. இத்தனைக்கும் ஜாவாவின் திறந்த வடிவமான ஓப்பன்ஜேடிகேயில், எக்லிப்ஸ் டெமுரின் போன்ற வெளியீடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும்பாலான வேலைக்கு அவையே போதும். எந்த ஜாவா இருக்கிறது என்று பார்த்தால்தானே மாற்ற முடியும்?

இங்கே ஸ்டார்ட்-அப் நடத்தும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். டாக்கர் டெஸ்க்டாப் சிறிய நிறுவனத்துக்கு இலவசம். ஊழியர் 250 பேரைத் தாண்டினாலோ, ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டினாலோ, 2021-இல் அறிவித்த நிபந்தனைப்படி சந்தா கட்ட வேண்டும். நீங்கள் புதிதாக எதையும் போடவில்லை. நிறுவனம் வளர்ந்தது, அந்த வளர்ச்சியே பழைய உரிமத்தைச் செல்லாததாக்கிவிட்டது. வளர்கிற நிறுவனம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

டிடிபி செய்யும் நண்பர்களுக்கும் ஒன்று. எழுத்துருவும் மென்பொருள்தான். யாரோ காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துரு பென் டிரைவில் ஏறி ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை வடிவமைத்தவர் ஒவ்வொரு சுழியையும் கொம்பையும் மாதக்கணக்கில் இழைத்தவர். அவர் நம் மொழிக்குச் செய்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்கள் நாம் இல்லையா? காசு இல்லை என்றால் நோட்டோ தமிழ், கட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை என்று திறந்த உரிமத்தில் அழகான எழுத்துருக்கள் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்துங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. குறைந்தது 7 நாள், அதிகம் போனால் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. 69-ஆம் பிரிவோ, குற்றம் நிறுவனத்துடையது என்றால் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்துக் கேட்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுப்பதற்கு உரிய கவனம் எடுத்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். உரிய கவனம் எடுத்ததற்கு உங்கள் கையில் என்ன சாட்சி? ஆண்டுதோறும் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வைத்த இருப்புப் பட்டியல்தான் சாட்சி.

இதில் ஒரு நுட்பம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். எண்ணிப் பார்த்து, திருட்டுப் பிரதி இருக்கிறது என்று அறிக்கை எழுதி, அந்த அறிக்கையை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? அதுவரை “தெரியாது” என்று சொல்ல முடிந்தவருக்கு இனி அதைச் சொல்ல முடியாது. தணிக்கை தொடங்கினால் முடித்தே ஆக வேண்டும். கண்டதை அன்றே நீக்குங்கள், அல்லது வாங்குங்கள், அல்லது திறந்த மென்பொருளுக்கு மாறுங்கள். நாலாவது வழி கிடையாது.

பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 2017-இல் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் 100-க்கு 56 உரிமம் இல்லாதது என்றது. உலக அளவில் அது 37. விற்பவர்களின் கூட்டமைப்பு எடுத்த கணக்கு என்பதை மனத்தில் வைத்தே நான் இதைச் சொல்கிறேன். இருந்தாலும் நம் அலுவலகங்களைப் பார்த்தவர்கள் யாரும் அந்த எண்ணை அடியோடு மறுக்க மாட்டார்கள்.

விற்பவர்கள் அனுப்பும் தணிக்கைக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கடிதம் வந்தால் நடுங்க வேண்டியதில்லை, குப்பையில் போடவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் அவர்களுக்கு என்ன உரிமை கொடுத்திருக்கிறோம் என்று முதலில் படியுங்கள். கேட்டதற்கு மட்டும் எழுத்தில் பதில் கொடுங்கள். தன் கணக்கு கையில் இல்லாதவன் எதிராளி சொல்லும் கணக்கைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்திடம் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 5 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. வேறொரு மென்பொருள் வழியாக எஸ்ஏபியின் தரவைத் தொட்டதற்கும் உரிமம் வேண்டும் என்பது வாதம். 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், கூடுதல் கட்டணத்துக்குப் பொறுப்பு உண்டு என்ற கருத்தில் எஸ்ஏபி பக்கமே நின்றது. அத்தனை பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர்களாலேயே தவிர்க்க முடியாத சண்டை அது.

பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற தீநிரல் பரவியது. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளே பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னதாக மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தவருக்கு இரண்டு மாத அவகாசம் இருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் இன்னும் எத்தனை கணினியில் அது ஓடுகிறது? இப்போது, இந்த நிமிடம், எண்ணிக்கை சொல்ல முடியுமா?

பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? இதே ஹைதராபாத்தில் ஸ்வேச்சா அமைப்பினர் கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகிறார்கள். கேரளப் பள்ளிகள் லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. கடிதம் எழுதவும் கணக்குத் தாள் போடவும் லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். ஆட்டோகேட் இல்லாமல் முடியாத வரைபட வேலை என்றால் ஆட்டோகேட்டை வாங்குங்கள். அந்தச் செலவை வாடிக்கையாளருக்குப் போடும் கட்டணத்தில் சேருங்கள். அது தொழிலின் நியாயமான செலவு. ஆனால் தட்டச்சு மட்டும் செய்கிறவர் கணினியில் ஆட்டோகேட் எதற்கு? பல அலுவலகங்களில் எண்ணிப் பார்த்த பின் செலவு குறைந்திருக்கிறது. யாரும் திறக்காத மென்பொருளுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வரும்.

முடிக்கும் முன் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். எண்ணும் நாளில் ஊழியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுத்தியபோது, வாங்கித் தராததை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுக்கொண்டவர்களாக அவர்கள் இருக்கலாம். என்ன தேவை என்று அவர்களைக் கேளுங்கள், வாங்கிக் கொடுங்கள், அதன் பிறகு கண்டிப்பு வையுங்கள். தணிக்கை என்றால் வரவேற்பறையில் இருக்கும் பெண்ணின் கணினியில் தொடங்கி, கணக்குப் பிரிவைத் தாண்டி, முதலாளி அறை வாசலில் நின்றுவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். யாரும் சோதிக்காததும், எல்லா பாஸ்வேர்டும் உள்ளதும் அந்த அறையில் இருக்கும் லேப்டாப்தான். ஆகவே நாளைக் காலை அலுவலகம் போனதும், பட்டியலின் முதல் வரியில் உங்கள் சொந்த லேப்டாப்பை எழுதி, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.